டி.சி. இல்லை, ஆதார் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது?

ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது, தேர்வு கிடையாது, சிபாரிசும் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒரு தாய், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காகிதத்துக்காகப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறார். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இல்லை, ஆதார் இல்லை, பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, அப்பா கையெழுத்து இல்லை. "அதை வாங்கிட்டு வாங்கம்மா, சேர்த்துக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. பிள்ளைக்குப் பாடம் போகிறது, காலை உணவு போகிறது, மதியச் சத்துணவும் போகிறது.

இப்படித் திருப்பி அனுப்பப் பள்ளிக்கு அதிகாரமே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளைக்கும் அருகிலுள்ள பள்ளியில் இடம் உண்டு. தமிழ்நாட்டு விதிகளின்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு அருகில் என்றால் 1 கிலோமீட்டருக்குள். நம் மாநிலத்தில் 5 வயது நிறைந்தவுடனேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். இதில் எங்கே மாட்டிவிடுகிறார்கள் என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

முதலில் டி.சி. அதிகம் அலையவைப்பது இதுதான். சட்டத்தின் 5ஆம் பிரிவு, பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் டி.சி.யை உடனே தர வேண்டும் என்கிறது. தாமதித்தால் அவர்மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். அதைவிட முக்கியமானது அடுத்த வரி: டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பிள்ளை பக்கத்து ஒன்றியத்திலிருந்து வந்தாலும் ஒடிசாவிலிருந்து வந்தாலும் இதேதான்.

தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறுகிறவர்கள்தான் இதில் நொந்துபோகிறார்கள். வேலை போய்விட்டது, கட்டணம் கட்ட முடியவில்லை, ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாம் என்று வருவார்கள். பழைய பள்ளி, "பாக்கியைக் கட்டுங்கள், டி.சி. தருகிறோம்" என்று பிடித்து வைத்துக்கொள்ளும். டி.சி.க்காக வட்டிக்கு வாங்கிக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாக்கி என்பது உங்களுக்கும் அந்த நிர்வாகத்துக்கும் உள்ள கணக்கு. அதற்குப் பிள்ளையின் படிப்பைப் பிணையாகப் பிடிக்க முடியாது. நேராக ஊர்ப் பள்ளிக்குப் போய்ச் சேருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 5ஆம் பிரிவு தரும் மாறுதல் உரிமை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு மாறத்தான். ஒரு தனியார் பள்ளியிலிருந்து இன்னொரு தனியார் பள்ளிக்குப் போக இந்தப் பிரிவைக் காட்டினால் வேலைக்கு ஆகாது.

இங்கே ஒரு கணினிச் சிக்கல் வரும். "சட்டமெல்லாம் சரிங்க, எமிஸ்ல ஏத்த முடியலையே" என்பார் ஹெச்.எம். அவர் பொய் சொல்லவில்லை. மாணவர் விவரங்கள் எல்லாம் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் இருக்கின்றன. பழைய பள்ளி பிள்ளையின் பெயரை 'காமன் பூல்' பகுதிக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். வருகைப் பதிவு, புத்தகம், சீருடை எல்லாம் அந்த எண்ணிக்கையை வைத்தே ஓடுவதால், பெயர் ஏறாத பிள்ளையை உட்கார வைக்க ஹெச்.எம். தயங்குகிறார். ஆனால் எமிஸ் ஒரு நிர்வாக வசதி. சட்டத்துக்கு மேல் அது இல்லை. பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். பெயரை விடுவிக்கும் வேலையை ஹெச்.எம். வட்டாரக் கல்வி அலுவலர் மூலம் பேசி முடிக்க வேண்டும். அந்த வேலையைப் பெற்றோர் தலையில் கட்டி, "நீங்களே பழைய பள்ளியில் போய்க் கேளுங்கள்" என்று அனுப்புவதுதான் தவறு. உங்களிடம் பழைய எமிஸ் எண் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். மதிப்பெண் அட்டையிலோ அடையாள அட்டையிலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வயதுச் சான்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் மருத்துவமனை அல்லது கிராம சுகாதார செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லாவிட்டால் பெற்றோர் எழுதித் தரும் வயது உறுதிமொழி போதும். இவை எதுவுமே இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. பெரும்பாலான ஊர்களில் அங்கன்வாடி பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பதிவேட்டைப் பார்த்து எழுதி வாங்கக் கால் மணி நேரம் ஆகாது. ஆனாலும் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் உறுதிமொழி எழுதும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிடாதீர்கள். பள்ளியில் சேர்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஆசிரியரே ஒரு தேதி போட்டுக்கொள்வது இன்னும் நடக்கிறது. அந்தத் தேதிதான் நாளைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வரும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. பெயரின் எழுத்தும் இனிஷியலும் அப்படித்தான். சேர்க்கையன்று பதிவேட்டில் எழுதியதை உங்கள் கண் முன்னால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.

சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்த நாளிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பல காரியங்களுக்குப் பிறந்த தேதியைக் காட்டும் ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழே கேட்கப்படும். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. இப்போதே வாங்கி, பெயரையும் சேர்த்து வைத்துவிடுங்கள். பதிவு செய்யாமல் ஒரு வருடம் தாண்டிவிட்டால் அப்புறம் மேல் அதிகாரியின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

ஆதாரைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்றே சொல்லிவிட்டது. இருந்தால் கொடுங்கள், பின்னால் உதவித்தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் சுலபம். இல்லையென்றால் அதற்காகப் பிள்ளை வெளியே நிற்க வேண்டியதில்லை.

அப்பா கையெழுத்து. கணவர் விட்டுப் போனவர்களிடம், பேரனை வளர்க்கும் பாட்டிகளிடம், எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்படும் கேள்வி இது. சட்டம் பெற்றோர் என்று சொல்வது அப்பா அல்லது அம்மா. பிள்ளை யார் பராமரிப்பில் இருக்கிறதோ அவர் காப்பாளர். அம்மா கையெழுத்துப் போதும், பாட்டி வளர்த்தால் பாட்டி கைரேகை போதும்.

இனி, பெயர் நீக்கம். ஒரு செங்கல் சூளைக் குடும்பத்தோடு ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பையனுக்கு ஒன்பது வயது. பொங்கல் முடிந்து பெற்றோரோடு சூளைக்குப் போனவன், மழை தொடங்கியதும் ஊர் திரும்பியிருந்தான். மேசைமேல் வருகைப் பதிவேட்டை விரித்துக் காட்டினார்கள். அவன் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் 'நீண்ட நாள் வருகை இல்லை'. அவனுடைய அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கோட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, "பேர அடிச்சிட்டாங்களா சார்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது சட்டத்தின் 16ஆம் பிரிவு. அதைச் சொன்ன பிறகு, "சரி, சேர்த்துக்கிறோம், ஆனா ஒன்னாம் கிளாஸ்ல உட்காரட்டும்" என்றார்கள். அதுவும் தவறு. ஒன்பது வயதுப் பையனை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அவன் எத்தனை நாள் வருவான்? 4ஆம் பிரிவின்படி வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனியாகச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். "ஜூன்ல வாங்க" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பல ஊர்த் தொடக்கப்பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் என்பதே சட்டத்தின் கணக்கு. ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, கைபேசியில் வருகைப் பதிவும் போட வேண்டும். நடுவில் வந்து சேரும் பிள்ளை அவருக்குக் கூடுதல் வேலை. அந்தச் சுமையைக் குறைக்க வேண்டியது துறை. பிள்ளையை வெளியே நிறுத்தினால் அது குறையாது.

சேர்ந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை விலையில்லாச் சீருடை 4 செட், சத்துணவுப் பட்டியலில் பெயர் உள்ள பிள்ளைகளுக்குத்தான் கணக்கிடப்படுகிறது. "வீட்டிலிருந்தே சோறு கொடுத்து விடுகிறேன்" என்று சொன்னதால் பெயர் சேராமல், சீருடை வரும்போது கைவிரிக்கிறார்கள். சேர்க்கையன்றே பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். புத்தகம், நோட்டு, பை, காலணி எல்லாம் விலையில்லாமல் வர வேண்டியவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் உண்டு. இவற்றில் எதற்காவது, அல்லது பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) என்று சொல்லிப் பணம் கேட்டால், ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

சரி, மறுத்தால் என்ன செய்வது? வாய்ப்பேச்சில் நிற்காதீர்கள். வாயால் மறுத்ததை நாளைக்கு "நாங்க அப்படிச் சொல்லவே இல்லை" என்பார்கள். ஒரு வெள்ளைத் தாளில் இப்படி எழுதுங்கள்:

"என் மகன் / மகள் ____, வயது ____. ____ ஆம் வகுப்பில் சேர்க்க இன்று (தேதி) வந்தேன். ____ இல்லை என்று சொல்லிச் சேர்க்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 மற்றும் 14இன்படி உடனே சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் இந்தத் தாளைப் பார்த்ததுமே நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளே நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பிறகு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். சட்டத்தின் 32ஆம் பிரிவிலும் புகார் வழி உண்டு, ஆனால் அங்கே முடிவெடுக்க 3 மாதம் அவகாசம். ஒரு பிள்ளைக்கு 3 மாதம் என்பது கிட்டத்தட்ட ஒரு பருவம். அதை முதல் வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

தனியாகப் போகவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். வெளியூர்க் குடும்பம் சார்பாகப் பேச இது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அவர்களை விரட்டுவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் வீட்டில் ஒரு விஷயம். பக்கத்து ஊரில் ஆறாம் வகுப்பில் சேர்க்க எந்தப் பள்ளியும் தேர்வு வைக்கக் கூடாது. வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். டி.சி.யைக் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டு வாங்கி, எமிஸ் எண், பெயர், பிறந்த தேதி மூன்றையும் சரிபாருங்கள். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பதிவு கேட்பார்கள். அந்தப் பதிவில் ஒரு வருடம் விட்டுப்போனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் தெரியவரும், அப்போது எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காது.