ரெட்டிச்சாவடி வரும்வரை இன்ஜின் சூடாவதில்லை

ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் என் கார் பட்டறைக்கு வந்தார். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியும் உட்பக்கக் கதவுகளின் பிளாஸ்டிக் தாளை அவர் இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். புதிதாகச் சேர்ந்திருக்கும் கல்லூரி புதுச்சேரியில். ஒரு வழிக்கு 24 கிலோமீட்டர்.

"தம்பி, இதில் தினமும் போய்வரலாமா? இல்லை, ஒரு சின்னக் கார் வாங்கிக்கொண்டு இதைப் பத்திரமாக வைத்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

பட்டறை தொடங்கி 24 ஆண்டுகள் ஆகின்றன. இதே கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள். பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது வீட்டில் ஓர் ஆள் மாதிரி. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த பிறகு, அதன் பெரிய வண்டியான எண்டெவரை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர்கள் இனி கிடைக்காத பொருளைத் தொடுவது போல அதைத் தொடுகிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. ஆனால் "பத்திரமாக" என்ற அந்தச் சொல்தான் என்னை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

வண்டியைத் தேய்ப்பது கிலோமீட்டர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பிரித்துப் பார்த்த இன்ஜின்கள் வேறு கதை சொல்கின்றன. கடலூருக்கும் சென்னைக்குமாக ஓடி இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியின் சிலிண்டர் சுவரில், தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரியும். ஊருக்குள்ளேயே சுற்றி 40,000 கிலோமீட்டர்கூட எட்டாத வண்டியோ, மூடியைத் திறந்தால் உள்ளே கரிச்சேறாக இருக்கும். எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட, எவ்வளவு நேரம் சூடாக ஓடியது என்பதைத்தான் இன்ஜின் கணக்கு வைத்துக்கொள்கிறது.

பேராசிரியரின் வழியையே எடுத்துக்கொள்வோம். மஞ்சக்குப்பத்தில் கிளப்பினால், ஆல்பேட்டையைக் கடந்து தென்பெண்ணைப் பாலம் ஏறும்போது வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிடும். அது குளிர்நீரின் சூடு. அடியில் இருக்கும் ஏழெட்டு லிட்டர் ஆயில் அப்போதும் பாதிதான் சூடாகியிருக்கும். ரெட்டிச்சாவடி வரும்போதுதான் ஆயிலும் கியர்பெட்டியும் உண்மையில் வேலைக்குத் தயாராகின்றன. அதன்பின் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை வண்டி தன் இயல்பில் ஓடுகிறது. அரியாங்குப்பம் நெரிசலில் திணறினாலும் பாதகமில்லை. அதற்குள் உள்ளே தேங்கிய ஈரமும் கரியும் வெளியேறியிருக்கும். ஆகவே, இன்ஜினுக்காகக் கேட்டால் பேராசிரியருக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம்.

அவருக்கு முந்தைய வாரம் வந்த மருத்துவருக்கு இதே பதிலைச் சொல்ல முடியவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு. மூன்று கிலோமீட்டரில் கிளினிக். அப்பா ஆசையாக வாங்கிய வண்டி. அவர் இறந்த பிறகு அதை நிறுத்திவைக்க மனம் வராமல் தினமும் அதிலேயே போய்வந்தார். "அண்ணா, ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அணைத்துவிடுங்கள்" என்றார். விளக்கை அணைப்பது எளிது. ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்தில் ஆயில் நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. ஆயில் குறைந்தால் பயப்படுகிறோம். கூடினால் யாரும் கவனிப்பதில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு விற்ற பெரிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். புகையில் வரும் கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் அந்தக் கரி புகையின் சூட்டிலேயே மெல்ல எரிந்துபோகும். அந்தச் சூடு கிடைக்காவிட்டால் வண்டியே கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாக்கி எரிக்கப் பார்க்கும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் வேண்டும். மூன்று கிலோமீட்டர் பயணத்தில் அந்த நேரம் எங்கே இருக்கிறது? எரிக்கத் தொடங்கும் நேரத்தில் கிளினிக் வந்துவிடும், சாவி திரும்பிவிடும். தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். நாள்தோறும் இப்படி நடந்தால் ஆயில் நீர்த்துப்போகும். வழவழப்பை இழந்த ஆயிலில் டர்போவும் பேரிங்குகளும் ஓடும். வடிகட்டி முழுதாக அடைத்துவிட்டால் மாற்றும் செலவு லட்சத்தைத் தொடுகிற வண்டிகளும் உண்டு.

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டுக் கணினியை ஏமாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அது விதிமீறல், பின்னால் ஸ்கூட்டரில் வருபவரின் நெஞ்சுக்குள் போகிற கரி அது. என் பட்டறையில் செய்வதில்லை. கேட்டு வருபவரிடம் வாக்குவாதமும் செய்வதில்லை.

மருத்துவருக்கு ஆயிலை மாற்றி, ஸ்கேனரைப் பொருத்தி வடிகட்டியில் தேங்கிய கரியை எரித்துக் கொடுத்தேன். கிளினிக்குக்கு ஸ்கூட்டர் என்றும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்காணம் வரையாவது அம்மாவை இதில் அழைத்துப் போய்வர வேண்டும் என்றும் முடிவாயிற்று. வடிகட்டிக்கான அந்த மஞ்சள் விளக்கு எரியும்போது செய்ய வேண்டியது எளிதுதான்: திறந்த சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள், விளக்கு அணையும்வரை நிறுத்தாதீர்கள். அது சிவப்பாக மாறினாலோ வண்டி இழுக்க மறுத்தாலோ இந்த வைத்தியம் பலிக்காது. பட்டறைக்குத்தான் வர வேண்டும்.

அப்படியானால் வீட்டிலேயே நிறுத்திவைப்பது நல்லதுதானே என்றால், கடற்கரை ஊரில் அதைவிட மோசமான யோசனை கிடையாது. தேவனாம்பட்டினம் பக்கம் ஒருவர், விலை உயர்ந்த உறை வாங்கிப் போர்த்தி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வண்டியை எடுப்பார். ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்தபோது அடிச்சட்டத்தின் இணைப்புகளில் துரு செதில்செதிலாக நின்றது. கடற்காற்றின் உப்பு உறைக்குள் புகுந்துவிடுகிறது. ஈரம் வெளியேற வழியில்லை. பிரேக் தட்டுகள் துருவேறி, ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டு, பேட்டரி இறங்கிக் கிடந்தது. டயரில் பட்டை தேயவில்லை என்று பெருமையாகச் சொன்னார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் செய்த வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அவருடையதில் 1416 என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம் செய்த டயர். ரப்பர் கல்லாகிவிட்டது. பட்டை இருந்து என்ன பயன்? நிறுத்திவைத்தே தீர வேண்டியவர்கள் உறையை எடுத்துவிட்டுக் காற்றோட்டமான நிழலில் நிறுத்தி, பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினாலே போதும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிடுவது வண்டியை ஓட்டியதாக ஆகாது. அது மருத்துவரின் மூன்று கிலோமீட்டரைவிடக் கெடுதல்.

இனிப் பணம். பேராசிரியருக்குக் காகிதத்தில் எழுதியே காட்டினேன். நாளுக்கு 48 கிலோமீட்டர், ஆண்டுக்கு 280 நாள்: 13,440 கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து கொடுக்கும் வண்டி. கணக்கு எளிதாக இருக்க டீசல் 90 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,21,000 ரூபாய். புதுச்சேரி எல்லையைத் தாண்டி நிரப்பினால் சற்றுக் குறையும்; கடலூர்க்காரர்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கும் சின்னப் பெட்ரோல் கார், 100 ரூபாய்க் கணக்கில் 75,000. மிச்சம் 46,000. பெரிய வண்டியின் டயர், பிரேக், சர்வீஸ் தேய்மானத்தையும் சேர்த்தால் 65,000 என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம்.

அவர் முகம் மலர்ந்தது. சின்னக் கார் வாங்கிவிடலாம் என்று எழுந்தே விட்டார். உட்காரச் சொன்னேன். ஓரளவு நல்ல பழைய கார் நான்கரை லட்சம். அதற்குக் காப்பீடு, சர்வீஸ், பேட்டரி என்று ஆண்டுக்கு 25,000. மிச்சமாகும் 65,000-இல் இதைக் கழித்தால் 40,000. போட்ட பணம் திரும்ப வர பதினோரு ஆண்டுகள். அதற்குள் சின்னக் கார் காயலான் கடைக்குப் போயிருக்கும். பெரிய வண்டி வாசலில் துருப்பிடித்திருக்கும். டீசல் செலவுக்குப் பயந்து இரண்டாவது கார் வாங்குவது, பெரும்பாலான வீடுகளில் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யும் செலவுதான். வீட்டில் இன்னொருவருக்கும் கார் தேவை என்றால் கணக்கு வேறு.

யாரும் என்னிடம் கேட்காத மூன்றாவது வழி ஒன்று உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பஸ் ஒன்று போனால் பின்னாலேயே அடுத்தது வருகிறது. கார் மெக்கானிக் பஸ்ஸைப் பரிந்துரைத்தால் சிரிக்கிறார்கள். நான் புதுச்சேரிக்கு உதிரிப்பாகம் வாங்கப் போவதே பஸ்ஸில்தான். நேரு வீதியில் வண்டியை நிறுத்த இடம் தேடிய அனுபவம் ஒருமுறை போதும். ஃபார்ச்சூனர் போன்ற பெரிய வண்டியின் நீளம் 4,795 மில்லிமீட்டர், அகலம் 1,855. கண்ணாடிகளை இதில் சேர்க்கவில்லை. அந்தத் தெருக்களைப் போட்ட காலத்தில் கார் என்பதே கிடையாது.

பணத்தையும் இன்ஜினையும்விட நான் அதிகம் கவலைப்படுவது ஒன்று இருக்கிறது. தினமும் ஓட்டுவதென்றால் தினமும் பள்ளிக்கூட வாசலைக் கடப்பது என்று பொருள். பெரிய வண்டி வைத்திருக்கும் புதியவர்களுக்குப் பட்டறை வாசலில் ஒரு சோதனை வைப்பேன். ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, வண்டியின் முன்னால் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவேன். ஏறத்தாழ மூன்று வயதுக் குழந்தையின் உயரம். தெரிகிறதா என்று கேட்பேன். தெரியவில்லை என்பார்கள். ஓரடி தள்ளிவைப்பேன், இன்னும் ஓரடி. பேராசிரியருக்குக் கேனின் நீல மூடி தெரியத் தொடங்கியபோது அது பம்பரிலிருந்து என் காலடிக் கணக்கில் பத்து அடி தூரத்தில் இருந்தது. அவர் வெகுநேரம் இறங்கவில்லை. உயரத்தில் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும் என்றுதான் பெரிய வண்டி வாங்குகிறோம். தூரத்தில் இருப்பது நன்றாகவே தெரிகிறது.

மோதினாலும் பானட்டின் உயரம் கணக்கில் வருகிறது. தாழ்ந்த கார் காலில் மோதும். ஆள் பானட்டின்மேல் சாய்வார். உயர்ந்த, தட்டையான முகப்பு மார்பிலும் தலையிலும் மோதித் தரையில் தள்ளும். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமுள்ள சரிவான முகப்பு கொண்டவற்றைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே முன்பக்க கேமரா இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் பொருத்திக்கொள்ளுங்கள். நிறுத்திய வண்டியைக் கிளப்பும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கிரில் முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைக்கச் சொல்லாதீர்கள்; அது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

"வெள்ளம் வந்தால் இதுதானே தம்பி காப்பாற்றும்?" என்பது எல்லோருடைய கடைசி வாதம். ஃபெஞ்சல் புயல் கரையேறிய மறுநாள், 2024 டிசம்பர் 1 அன்று புதுச்சேரி மூழ்கியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது. அந்த வாரம் என் பட்டறைக்கு வந்தவற்றில் பெரிய வண்டிகளும் இருந்தன. சின்னக் கார்க்காரர்கள் தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். உயரமான வண்டியை நம்பியவர்கள் இறங்கிவிட்டார்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், அதை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தப்பித்த வண்டிகளிலும் பின் அச்சின் ஆயில், தண்ணீர் புகுந்து, பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது.

பேராசிரியர் சின்னக் கார் வாங்கவில்லை. திங்களும் வெள்ளியும் வண்டி, மற்ற நாள்கள் பஸ் என்று வைத்துக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு நல்ல ஓட்டம் அந்த இன்ஜினுக்குப் போதும் என்று நானும் சொல்லி அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துச் சர்வீஸுக்கு வந்தபோது கம்பியை உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. அவருக்கு விளங்கவில்லை, எனக்கும்தான். வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகு தெரிந்தது: செவ்வாய், புதன், வியாழன் வண்டி சும்மாதானே நிற்கிறது என்று, ஒன்றேகால் கிலோமீட்டரில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு மகன் அதில் போய்வந்துகொண்டிருக்கிறான்.