சூளையில் சுருங்கிய கியூப்பிட்

நீலத் தட்டின் மேல் வெள்ளை உருவம் புடைத்து நிற்கும், உடையில் குத்திக்கொள்ளும் பழைய ப்ரூச்சைப் பார்த்தால், ஒன்று வர்ணம் பூசியிருக்கிறார்கள், இல்லையென்றால் செதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். இரண்டும் இல்லை. இரண்டு நிற மண் ஒன்றாக வெந்தது அது.

ரோமானியர்களின் கேமியோ, அடுக்கடுக்காக நிறம் மாறும் கல்லைப் பொறுமையாகச் செதுக்கியது. அந்த அழகை மண்ணில் கொண்டுவர ஆசைப்பட்டவர் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் மட்பாண்டத் தொழில் நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட். ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகளைச் சுட்டுப் பார்த்து, 1770களில் ஜாஸ்பர் என்ற மண்கலவையை உருவாக்கினார். அதில் பாதிக்கும் மேல் டெர்பிஷயர் ஈயச் சுரங்கங்களில் கிடைத்த பேரியம் சல்பேட். கோபால்ட் ஆக்சைடு கலந்தால் நீலம், கலக்காவிட்டால் வெள்ளை.

செய்முறை நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சைவிடப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெள்ளை மண்ணை அச்சில் விரலால் அழுத்தி, மேலே வழித்து, பிய்யாமல் எடுத்து, நீலத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு ஒட்டுவார்கள். பசை கிடையாது. சுட்டு எடுத்ததும் பர்மிங்காமின் உலோகத் தொழிலதிபர் மேத்யூ போல்டன் போன்றவர்கள் பட்டை தீட்டிய எஃகுச் சட்டம் போடுவார்கள். வெறும் எஃகுதான், ஆனால் மெழுகுவர்த்தி ஒளியில் ஜொலிக்கும்.

சிக்கலெல்லாம் சூளைக்குள்தான். சூட்டில் ஜாஸ்பர் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். நீலம் ஒரு அளவும் வெள்ளை வேறு அளவும் சுருங்கினால் மேலே ஒட்டிய கியூப்பிடின் (ரோமானியர்களின் காதல் தெய்வம்) இறக்கை தெறித்துவிடும். அடிப்படைக் கலவை இரண்டிலும் ஒன்று என்பதால் சேர்ந்தே சுருங்கி, சேர்ந்தே இறுகுகின்றன. (சில சமயம் நீலம் வெள்ளைக்குள் கசிந்து காரியத்தைக் கெடுப்பதும் உண்டு.)

அந்தச் சுருக்கமே அவர்களுக்குக் கருவியும் ஆனது. சுட்ட உருவத்திலிருந்து புது அச்சு எடுத்து, அதில் மண் வைத்துச் சுட்டால் இன்னும் சிறிய உருவம் கிடைக்கும். சுவர்ப் பலகையில் இருந்த தேவதை இப்படியே படிப்படியாக மோதிரத்துக்குள் வந்துவிடலாம்.

வெட்ஜ்வுட் அதோடு விடவில்லை. பாதரச வெப்பமானி தாங்காத சூளைச் சூட்டை அளக்கவும் களிமண்ணின் சுருக்கத்தையே பிடித்துக்கொண்டார். அதற்காக 1782இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் கட்டுரை, அடுத்த ஆண்டே உறுப்பினர் பதவி. கருவி இதுதான்: போகப் போகக் குறுகும் பித்தளைப் பள்ளம் ஒன்று, சூளையில் வைத்து எடுத்த சின்னக் களிமண் துண்டு ஒன்று. துண்டு எவ்வளவு உள்ளே நழுவுகிறதோ, அவ்வளவு சூடு.