அடையாள அட்டையில் ஒன்பது மணிகள்

யுத்த காலத்தில் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் முதற்கேள்வி, அடையாள அட்டை இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் பஸ் போய்விடும், நீங்கள் நிற்பீர்கள்.

நம் இரத்தத்தில் திரியும் இயற்கைக் கொல்கலங்கள் (natural killer cells) என்ற நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் ஏறக்குறைய அதே குணம். 1975இல் இனங்காணப்பட்ட இவை, முன்பயிற்சி இல்லாமலே புற்றுக்கலங்களைக் கொல்லும். எதைக் கண்டு கொல்கின்றன என்று எல்லோரும் தேடியபோது, சுவீடனின் ஆய்வாளர் கிளாஸ் கார்ரே 1980களில் கேள்வியைப் புரட்டிப் போட்டார்: இருப்பதைக் கண்டல்ல, இல்லாததைக் கண்டு. நலமான கலம் எச்எல்ஏ என்ற புரதங்களை அடையாள அட்டைபோல மேற்பரப்பில் நீட்டி நிற்கும். வைரசு புகுந்த கலமும் புற்றுக்கலமும் ரீ கலங்கள் (T cells) என்ற வேறு நோயெதிர்ப்புக் கலங்களிடமிருந்து தப்ப அவற்றை ஒளிக்கப் பார்க்கும். ஒளித்தால் கொல்கலத்திடம் மாட்டும். (உவமை முழுக்கப் பொருந்தாது. செங்குருதிக் கலத்தில் இந்த அட்டை அநேகமாக இல்லை, அதற்காக அது சாவதுமில்லை. கொல்லத் தூண்டும் சமிக்ஞையும் வேண்டும்.)

இவற்றில் எச்எல்ஏ-ஈ என்பது விசித்திரமானது. அதன் பள்ளத்தில் ஒன்பது அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமான அலகுகள்) கோத்த பெப்தைட்டு என்ற சிறு சரம் ஒன்று பொருந்தினால்தான் அது மேற்பரப்பில் நிலைக்கும். அந்தத் துண்டு, மற்ற எச்எல்ஏ புரதங்கள் உருவாகும்போது வெட்டிக் கழிக்கப்படும் முன்நுனியிலிருந்து வருகிறது. வாசலில் மரத்தூள் கிடந்தால் உள்ளே தச்சர் வேலை நடக்கிறது என்று அறிவோமே, அப்படி. இதைப் படிப்பது, கொல்கலத்தின் மேற்பரப்பிலுள்ள என்கேஜி2ஏ என்ற வாங்கிப் புரதம் (receptor). படித்ததும் கொல்கலம் அடங்கும்.

வாங்கி எந்த எழுத்தைப் பார்க்கிறது என்று அறிய, அந்த ஒன்பதை நாமே செய்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். வழி காட்டியவர் அமெரிக்க இரசாயனவியலாளர் புரூஸ் மெரிபீல்ட், 1963இல். இதற்காக 1984இல் நோபல் பரிசும் பெற்றார். கால் பெருவிரலில் நாரை மாட்டிக்கொண்டு பூக்கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். இங்கே பெருவிரல், ஒரு சிறிய பிசின் மணி. கடைசி அமினோ அமிலத்தை அதில் பிணைத்து, பின்னாலிருந்து முன்னோக்கிக் கட்டுவார்கள். வரும் ஒவ்வொன்றின் ஒரு முனையும் மூடியிருக்கும், ஒரு முறைக்கு ஒன்றுதான் சேரும். மிஞ்சியதைக் கழுவி, மூடியை அகற்றி, அடுத்தது. முடிவில் அமிலத்தால் மணியிலிருந்து வெட்டுவார்கள். ஒவ்வோர் இணைப்பும் நூறில் 99 சரியாக நடந்தாலும், எட்டு இணைப்புகளின் பின் முழுச்சரம் நூறில் 92தான். அதனால்தான் சுத்திகரிப்புக்கு அவ்வளவு பாடு. கையில் கிடைப்பது வெள்ளைத் தூள், ஆய்வுகூடத்துக்கு மட்டும். மருந்தல்ல.

சொந்த அட்டை இல்லாத கலவகையில் எச்எல்ஏ-ஈயை மட்டும் புகுத்தி, இந்தச் செயற்கைப் பெப்தைட்டை ஊற்றி, கொல்கலங்களோடு கலப்பார்கள். வெப்ப அழுத்தத்தின்போது பெருகும் எச்எஸ்பி60 புரதத்தின் ஒரு துண்டு வேடிக்கை காட்டியது: பள்ளத்தில் பொருந்துகிறது, அட்டை நிற்கிறது, ஆனால் என்கேஜி2ஏயால் அதை வாசிக்க முடியவில்லை. கொல்கலம் அடங்கவில்லை.

சைட்டோமெகலோ வைரசோ கைதேர்ந்த கள்ளன். யூஎல்40 என்ற அதன் புரதத்தில் வேலின், மெத்தியோனின், அலனின், புரோலின், ஆர்ஜினின், திரியோனின், லியூசின், ஐசோலியூசின், லியூசின் என்று மனித எச்எல்ஏ ஒன்றின் ஒன்பதும் அச்சொட்டாக இருக்கின்றன. போலி அட்டை. ஆனால் அதே ஒன்பதை வாசிக்கும் என்கேஜி2சி என்ற இன்னொரு வாங்கி, அடக்காமல் உசுப்பிவிடும். இந்த வைரசு தொற்றிய பலரின் இரத்தத்தில் என்கேஜி2சி தாங்கிய கொல்கலங்கள் பெருகிக் கிடக்கின்றன.