சீனத்து ‘ஜோவ்’ தமிழில் கஞ்சிதான்

தில்லியில் குளிர் தொடங்கியதும் தமிழ் வாட்ஸப் குழுக்களில் சீன மருத்துவ உணவுக் குறிப்புகள் வரிசைகட்டி வரும். ‘மண்ணீரலை வலுப்படுத்தத் தினமும் காலையில் ஒரு கிண்ணம் காங்கீ’ என்று ஒன்று. ‘சீனர்களின் ஆயுள் ரகசியம், அரிசிக் கூழ்’ என்று இன்னொன்று. அக்குபங்சர் வகுப்புகளில் கொடுக்கும் துண்டுத்தாள்களில் ‘மூலிகைக் கான்ஜீ’ என்றும் இருக்கிறது. மூன்றும் ஒரே பண்டத்தைத்தான் சொல்கின்றன. அந்தப் பண்டத்துக்குத் தமிழில் பெயர் உண்டு, அது கஞ்சி. கடன் வாங்கவும் வேண்டாம், புதிதாக ஆக்கவும் வேண்டாம். நம் வீட்டிலிருந்து போன சொல் வேற்று வேடத்தில் திரும்பி வந்து நிற்கிறது, மொழிபெயர்ப்பவர்கள் அதை அடையாளம் தெரியாமல் விருந்தாளியாக உட்கார வைக்கிறார்கள்.

சொல் போய் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து அட்டில்களில், அதாவது சமையற்கூடங்களில், ‘சோறு வாக்கிய கொழுங்கஞ்சி’ ஆறுபோலப் பரந்து ஓடுகிறது. வாக்குதல் என்றால் வடித்தல். ஆக, அங்கே கஞ்சி என்பது சோற்றிலிருந்து வடித்த நீர். பின்னால் அரிசியும் நீரும் சேர்ந்து குழைந்த உணவுக்கும் அதே பெயர் ஆயிற்று. மலையாளத்தில் கஞ்ஞி. கன்னடத்திலும் தெலுங்கிலும் முதலெழுத்து அழுத்தி ஒலிக்கும், மற்றபடி இதே சொல். போர்த்துக்கீசியர் இதைக் கன்ஜா என்று எடுத்துப் போனார்கள். இன்று போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் கன்ஜா என்றால் அரிசி போட்ட கோழி சூப். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துநூலிலேயே, நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசி நீர் இந்தப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. ஆங்கிலத்தில் அது கான்ஜி ஆனது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் காவல் கொட்டடிக்கே ‘கான்ஜி ஹவுஸ்’ என்று பெயர், உள்ளே இருப்பவனுக்குக் கிடைத்தது அதுதான் என்பதால். கிழக்கே போன ஆங்கிலேயர் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சீனர் குடித்ததைப் பார்த்து இதே பெயரை ஒட்டினார்கள். சீனர் வாயில் இந்தச் சொல் கிடையாது. வடக்கே ஜோவ், கான்டன் பக்கம் ஜுக்.

காங்கீயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து எழுதிய ஒலி அது. ஆங்கிலேயனே அப்படி உச்சரிப்பதில்லை. கான்ஜீ கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் கிட்டே வர வர, ஏன் கஞ்சி என்றே எழுதக் கூடாது என்ற கேள்விதான் பெரிதாகிறது.

கெடுதல் அதிகம் செய்வது ‘அரிசிக் கூழ்’. தமிழ் போலவே தெரிவதால் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கூழ் மாவுப் பண்டம். கேழ்வரகையோ கம்பையோ அரைத்து, மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்க விட்டு, மறுநாள் வேகும் நொய்யில் ஊற்றிக் கிளறிக் காய்ச்சுவது. ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றுவது அதைத்தான். ஆறவைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்போம். கஞ்சி தானியப் பண்டம். முழு அரிசியோ நொய்யோ நீரில் மெல்ல மலர்ந்து, உடைந்து, தன் பசையை நீரில் விட வேண்டும்.

இந்த வேறுபாட்டை விட்டால் அடுப்பில் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘அரிசிக் கூழ், ஒரு மணி நேரம் சிறு தீயில்’ என்று படிக்கிறவர் அரிசி மாவை எடுப்பார். கொதிக்கும் நீரில் மாவு விழுந்த உடனே வெளிப்பக்கம் வெந்து கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு நிற்கும். குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றினாலும் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். மீதி ஐம்பத்தைந்து நிமிடம் அடிப்பிடிப்பதற்குத்தான். இன்னொருவர் கூழ்தானே என்று இரவே புளிக்க வைத்து, காலையில் ஆறிய பின் மோர் விட்டுக் குடிப்பார். சீன மருத்துவம் கஞ்சியைப் பரிந்துரைப்பதே சூடாக, இளகலாக, வயிற்றுக்கு வேலை வைக்காமல் இறங்கும் என்பதற்காக. குளிர்ந்ததும் பச்சையானதும் செரிமானத்தை மந்தப்படுத்தும் என்பது அவர்கள் அடிப்படைக் கொள்கை. ஒரே சொல்லில் செய்முறையும் தலைகீழ், நோக்கமும் தலைகீழ்.

கூழுக்காக வாதாடுவோர் குறளைக் காட்டுவார்கள். ‘சிறுகை அளாவிய கூழ்’ என்று வள்ளுவர் சொன்னது மாவுக் கூழா என்று கேட்பார்கள். இல்லைதான். 64ஆம் குறளில் கூழ் என்றால் பொதுவாக உணவு, சோறு. ஆனால் செய்முறைக் குறிப்பு இன்று அடுப்படியில் நிற்பவருக்கு எழுதுவது. இன்றைய அடுப்படியில் கூழ் என்றால் கேழ்வரகோ கம்போதான் நினைவுக்கு வரும். பழம்பொருளைச் சான்றாக வைத்துக்கொண்டு இன்றைய பொருளைக் குழப்புவது தூய்மையும் ஆகாது, தெளிவும் ஆகாது. தூய தமிழ் வேண்டும் என்பவர்களுக்கும் கஞ்சியை விடத் தூயது எங்கே கிடைக்கும்?

தில்லிக்காரர்களிடமிருந்து வரும் தயக்கம் வேறு. இங்கே காஞ்சி என்றால் வேறு பொருள். கறுப்புக் கேரட், பீட்ரூட், கடுகுத் தூள், உப்பு போட்டு, ஜாடியில் நான்கைந்து நாள் வெயிலில் வைத்துப் புளிக்கவிட்ட நீர். ஹோலியை ஒட்டி அதில் வடையை மிதக்கவிட்டுக் கொடுப்பார்கள். வடமொழியில் காஞ்சிகம் என்பதும் அரிசி வடிநீர் புளித்துப்போன காடிதான். ஆகவே கஞ்சி என்று எழுதினால் இங்கே வளர்ந்த பிள்ளைகள் இந்தப் புளிப்பு நீரை நினைப்பார்கள் என்கிறார்கள். தமிழில் எழுதும்போது அந்தப் பயம் தேவையில்லை. கஞ்சி குறில், காஞ்சி நெடில். ஹிந்தியில் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். வீட்டு வேலைக்கு உதவ வருபவரிடம் காஞ்சி என்றால் கடுகு வாங்கி வருவார், மாண்ட் என்றால் வடிகஞ்சியை மட்டும் எடுத்து வைப்பார். அரிசி இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று அளவைச் சொல்லிவிடுவதே நல்லது.

வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. கஞ்சி என்றால் ஏழ்மை. ‘கஞ்சிக்கே வழியில்லை’ என்போம். பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டி இன்னும் பேச்சில் இருக்கிறது. குருகிராம் உணவக மெனுவில் பளபளக்கும் ஒன்றைக் கஞ்சி என்று எழுத மொழிபெயர்ப்பாளருக்குக் கை வருவதில்லை. சீனத்திலும் பஞ்சத்தில் அரசு கஞ்சிக் கொட்டகை போட்டது. அதே நாட்டில்தான் 1773இல் ட்ஸாவ் திங்தோங் என்ற அறிஞர் முதியோர் நலத்துக்கு எழுதிய நூலில் 100 கஞ்சிகளை மேல், நடு, கடை என்று தரம் பிரித்து வைத்தார். அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. நம்மிலும் ரமலானில் பள்ளிவாசலில் பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு சேர்த்துக் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை யாரும் பெயர் மாற்றிக் கேட்பதில்லை.

கஞ்சி என்று வைத்துக்கொண்டால், சீன நூல்கள் பிரித்துச் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஏற்கனவே சொல் இருப்பது தெரியும். எதுவும் சேர்க்காத வெள்ளை ஜோவ், வெறுங்கஞ்சி. இளகலானது, நீர்க்கஞ்சி. அரிசியை நீக்கிய நீர் மட்டும், வடிகஞ்சி. மருந்துச் சரக்கு சேர்த்தது, மருந்துக் கஞ்சி. நெடுநேரம் காய்ந்த கஞ்சியின் மேல் பளபளவென்று படரும் படலத்தைச் சீனர் ‘அரிசி எண்ணெய்’ என்று பெயரிட்டு, மெலிந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாக எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு துண்டுத்தாள் இதை ‘ரைஸ் பிரான் ஆயில்’ ஆக்கியிருக்கிறது. தவிட்டெண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொல்வது எவ்வளவு பெரிய தவறு! நம் சொல் ஏடு. கஞ்சி ஏடு என்றால் பாட்டிமார்களுக்குப் புரியும்.

இந்த வேறுபாடு மருந்து முறையிலேயே வேலை செய்கிறது. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் சாங் ஜோங்ஜிங் என்ற சீன மருத்துவர் எழுதியதில், குளிர் பட்டு வரும் காய்ச்சலுக்கான லவங்கப்பட்டைக் குச்சிக் கஷாயத்தைக் குடித்துச் சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடிக்க வேண்டும் என்று இருக்கிறது. பிறகு இரண்டு மணி நேரம்போலப் போர்த்திப் படுக்க வேண்டும். உடம்பெங்கும் வியர்வை மெல்ல அரும்ப வேண்டும், வழிந்து ஓடக் கூடாது. அங்கே நீர்க்கஞ்சி மருந்துக்குத் துணை. அந்த இடத்தில் கெட்டியான கூழைக் குடித்தால் வயிறு அடைத்துக்கொள்ளும்.

கஞ்சியோடு வரும் சரக்குகளின் பெயரிலும் இதே அலட்சியம். மக்கானாவைத் தமிழில் எல்லோரும் ‘தாமரை விதை’ என்று எழுதுகிறார்கள். மக்கானா தாமரைக் கொடியில் வருவதில்லை. அது முள் நிறைந்த வேறொரு நீர்க்கொடியின் விதையைப் பொரித்தது. சீனரும் அந்த விதையைக் கஞ்சியில் போடுகிறார்கள், ஆனால் பொரிக்காமல். பொரித்த மக்கானாவைப் போட்டால் கரைந்துவிடும். தாமரை விதை வேண்டுமென்றால் தில்லியில் கமல் கட்டா என்று கேட்க வேண்டும். பூஜைக் கடையில் மாலையாகக் கோத்துத் தருவது கறுப்பு ஓட்டோடு இருக்கும், அந்த ஓடு எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. ஓடு நீக்கியதை வாங்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பிளந்து, உள்ளே இருக்கும் பச்சை முளையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கஞ்சி முழுக்கக் கசக்கும்.

‘மண்ணீரலை வலுப்படுத்தும்’ என்பதும் திருத்த வேண்டியது. சீன மருத்துவத்தில் ‘பீ’ என்பது சாப்பிட்டதைச் செரித்து உடலுக்குச் சேர்க்கும் செயலைக் குறிக்கிறது. அறுவை மருத்துவர் காட்டும் மண்ணீரல் வேறு. மலேரியாவில் மண்ணீரல் வீங்கியவர் கஞ்சி குடித்தால் வீக்கம் வடியும் என்று நம்பினால் பழி மொழிபெயர்ப்பின் மேல்தான். செரிமானம் என்று எழுதினால் போதும். அதுபோல ‘உடலின் ஈரப்பதத்தை நீக்கும்’ என்பது வானிலை அறிக்கையின் மொழி. உடம்பு கனத்து, கால் வீங்கி, நாக்கில் வெள்ளை படிவதை நீர்கோத்தல் என்று சொன்னால் படிப்பவருக்கு அறிகுறி கண்ணில் படும்.

இனிச் செய்முறை. 100 கிராம் பச்சரிசிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தில்லியில் கைக்கு எட்டுவது பாஸ்மதி, ஆனால் அது உதிரியாகவே நிற்கும், பசை விடாது. புழுங்கலரிசியும் எளிதில் மலராது. பொன்னிப் பச்சரிசியோ நொய்யோ நல்லது. தண்ணீர் கொதித்த பிறகு அரிசியைப் போட்டால் அடிப்பிடிப்பது குறையும். பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். பிறகு தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்து வைத்து, 45 நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் ஒரே பக்கமாகக் கிளறினால் குழைவு வரும். உப்பு இறக்கும்போதுதான். குக்கரில் வைத்தால் அரிசி 1 பங்குக்குத் தண்ணீர் 8 பங்கு போதும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை ஏறித் துவாரத்தை அடைத்துவிடும். வேர், பட்டை போன்ற மெல்ல முடியாத சரக்கைத் தனியாகக் காய்ச்சி வடிகட்டி, அந்த நீரில் அரிசியை வேகவைக்க வேண்டும். கோஜி பெர்ரி என்ற சிறிய சிவப்பு உலர்பழத்தை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் போட்டால் போதும்.

சளி பிடிக்கத் தொடங்கிக் குளிர் நடுக்கமும் இருக்கும் முதல் நாளுக்குச் சீனர் பாட்டாகவே சொல்லிவைத்த மருந்துக் கஞ்சி உண்டு. ஒரு கைப்பிடி ஒட்டும் அரிசி, ஏழு இஞ்சித் துண்டு, ஏழு வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு, அரைச் சிறு கிண்ணம் வினிகர். ஒட்டும் அரிசியை ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் வெளிநாட்டுச் சரக்குக் கடைகளில் தேடலாம், கிடைக்காவிட்டால் பச்சரிசி நொய். 50 கிராம் அரிசியையும் இஞ்சியையும் 700 மில்லி நீரில் வேகவைத்து, அரிசி மலர்ந்ததும் வெள்ளைத் தண்டைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கும்போது வினிகரை விட வேண்டும். முன்பே விட்டால் புளிப்பின் வாசம் ஆவியோடு போய்விடும். நம் வீட்டு அளவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சரியாக இருக்கும். சூடாகக் குடித்துப் போர்த்திப் படுக்கலாம். தொண்டை எரிச்சலோடு கடும் காய்ச்சல் அடிப்பவருக்கும், நெஞ்செரிச்சல் உள்ளவருக்கும் இது ஆகாது.

சர்க்கரை நோய் இருப்பவர் வெறுங்கஞ்சியில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நெடுநேரம் குழைந்த அரிசி இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். 100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 7 கிராம்தான், அதுவும் நான்கு கிண்ணங்களில் பரவிக் கிடக்கிறது. நோயாளிக்குப் பல நாள் கஞ்சியே ஆகாரம் என்றால் கால் பங்கு அரிசியைக் குறைத்து அந்த இடத்தில் பாசிப்பருப்பைப் போடுங்கள்.