முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கும் முன் சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர் சைக்கிள் மிதிப்பவர் என்றால், அடுத்த தடவை வண்டியையும் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். பால் ஊற்றும் அண்ணாச்சி ஒருவரின் வண்டியில் சீட்டு நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதில் ஸ்பேனர் வைக்கவில்லை. "ஏத்துனா காலு தரையில எட்டாதே சார்" என்றார்.

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியுமளவு சீட்டு தாழ்ந்திருந்தால், மிதிக்கும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். மடங்கிய காலால் அழுத்த அழுத்த, முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தும். அப்போது வலி முன்பக்கம், சில்லைச் சுற்றி வரும். சீட்டு ரொம்ப உயரமென்றால் வலி முட்டிக்குப் பின்னால் வரும், இடுப்பும் ஆடும்.

சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, கீழே இறக்கிய பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால், முழங்காலில் சுமார் 25 முதல் 35 டிகிரி மடிப்பு இருக்கும். அதுதான் சரி. ஒரேயடியாக ஏற்றாமல், அரை சென்டிமீட்டர் ஏற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். சீட்டுக் குழாயில் எல்லைக்கோடு இருந்தால் அது வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் குழாய் முறியும் ஆபத்து உண்டு. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலூன்றப் பழகிவிட்டால் தரை எட்டாத பயமும் போய்விடும்.

ஆனி, ஆடிக் காற்றில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் மேற்கே மிதிப்பது லேசில்லை. கியர் வண்டிக்காரர்கள் கனமான கியரில் முக்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. லேசான கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று மிதியுங்கள். கியர் இல்லாத வண்டியென்றால், ஈரடுக்குப் பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பெற்றோருக்கு ஒன்று: 11-ஆம் வகுப்பில் கிடைத்த இலவச சைக்கிளின் சீட்டு அப்படியே இருக்கும், பிள்ளை வளர்ந்துவிடும். அவ்வப்போது பாருங்கள்.

முட்டி வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ சீட்டைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.