‘நியர்லைன்’ என்பதற்கு ‘அண்மை’ பொருந்தாது

வட்டும் (டிஸ்க்) காந்த நாடாவும் (டேப்) சேர்ந்த கணினிச் சேமிப்பு அமைப்பு ஒன்றின் கையேட்டைத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே ‘அண்மைச் சேமிப்பு’. நியர்லைன் ஸ்டோரேஜுக்கு இந்தச் சொல்லைப் பார்ப்பது எத்தனையாவது முறையோ! புதிதாகச் சேர்ந்த பணியாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “சென்ற வாரக் கோப்புகள் இதில்தானே இருக்கும்?” என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை.

மூலம் எளிது: ‘நியர்’, ‘ஆன்லைன்’ இரண்டும் ஒட்டிய சொல். ஆயிரக்கணக்கான நாடாப் பேழைகளை இயந்திரக் கையால் எடுத்து மாட்டும் நூலகத்தை ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. இவ்வகையில் பெயர்பெற்ற முன்னோடி அது. பல மாதங்களாக யாரும் தொடாத கோப்பை மென்பொருளே நாடாவுக்கு நகர்த்திவிடும். வட்டில் ஓர் அடையாளக் குறிப்பு மட்டும் மிஞ்சும். கோப்பைத் திறந்தால் இயந்திரக் கை உரிய பேழையை எடுத்து மாட்டும். நாடா சுழன்று இடம் சேர்ந்ததும் கோப்பு வட்டுக்குத் திரும்பும். சற்றுக் காத்திருக்க வேண்டும், ஆனால் ஆள் எழுந்துபோக வேண்டியதில்லை.

‘அண்மை’ என்றதும் இன்றைய வாசகருக்கு இடத்தைவிடக் காலமே முதலில் தோன்றும்: அண்மைச் செய்தி, அண்மைக் காலம், அண்மையில் மறைந்தவர். அப்படியானால் அண்மைச் சேமிப்பு நேற்றோ முந்தாநாளோ சேமித்தது. இங்கே கிடப்பதோ கேட்பாரற்ற பழையது! நேர் எதிர்ப்பொருள் தரும் சொல்லை எப்படிக் கலைச்சொல் என்பது? சரி, இடப்பொருளே கொள்வோம். அலமாரியில் பூட்டிவைத்த நாடா கணிப்பொறிக்கு ஒரு முழத்தில் இருந்தாலும் ஆஃப்லைன்தான். தொலைவைப் பற்றிய பேச்சே இல்லை. மனிதக் கை வேண்டுமா என்பதுதான் கேள்வி. அகராதியில் ‘நியர்’ என்பதற்கு எதிரே முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுபவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

நானும் ஒருமுறை ‘எட்டும்’ என்பதிலிருந்து ‘எட்டுநிலை’ என்று ஆக்கிப் பார்த்தேன். கோபுரமா என்று நண்பர் கேட்டார், கைவிட்டேன்.

‘அணுக்கநிலை’ என்பதே என் தேர்வு. நிகழ்நிலைக்கும் (ஆன்லைன்) அகல்நிலைக்கும் (ஆஃப்லைன்) நடுவே இயல்பாக உட்காரும். கணினித் தமிழில் ‘ஆக்ஸஸ்’ என்பதற்கு ஏற்கெனவே புழங்கும் ‘அணுகல்’ இதற்கு உடன்பிறப்பு. அணுக்கத் தொண்டர் என்றால் பக்கத்தில் நின்று, அழைத்ததும் வருபவர். நாடா நூலகம் செய்வதும் அதுதான்.

‘நாடா’ தமிழ்ச்சொல்லே அன்று என்று ஒருவர் முகம் சுளித்தார். அதை மாற்ற எனக்கு மனமில்லை. யாரும் நாடாத் தரவு வேறு எதில் கிடக்கும்?