தவழாத குழந்தைக்கும் வெளிமுற்றம் வேண்டும்

சில ஆண்டுகளாக என்னிடம் அழைத்துவரப்படும் பத்து, பதினொரு மாதக் குழந்தைகளின் பெற்றோர் சொல்லும் குறை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: "இன்னும் தவழவில்லை, உட்கார வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கிறாள், தரையில் விட்டால் அழுகிறாள்." குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சையாளர் என்ற முறையில் தசைகளின் இறுக்கம், அனிச்சைச் செயல்கள், பிறந்தபோதைய எடை, பிரசவ விவரம் அனைத்தையும் முதலில் பார்த்துவிடுகிறேன். பல குழந்தைகளிடம் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. அதன் பிறகுதான் பகல் முழுவதும் குழந்தை எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். அண்மையில் வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு தாய் சொன்ன பதிலைக் கேட்டபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை குழந்தை காப்பகத்தில் இருக்கிறது. அங்கே தொட்டில், உயர நாற்காலி, வாக்கர், மறுபடியும் தொட்டில். கட்டடத்தின் பின்புறம் புங்க மரம் நிற்கும் நல்ல முற்றம் இருக்கிறது, ஆனால் அது நடக்கும் குழந்தைகளுக்கு மட்டும் என்பது அங்குள்ள விதி. சேர்க்கும் நாளிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாயும் அதை அக்கறையின் அடையாளம் என்று எண்ணி நிம்மதி அடைந்திருக்கிறார்.

இந்த விதி ஓர் இடத்தில் மட்டும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இருக்கும் காப்பகங்களிலிருந்தும், அண்ணா நகர், தாம்பரம் பகுதிகளிலிருந்தும் வரும் பெற்றோர் இதையே சொல்கிறார்கள். "நடக்கக்கூட இல்லாத குழந்தை வெளியில் என்ன விளையாடும்?" என்ற கேள்வி நிர்வாகிகளிடமும் ஆயாம்மாக்களிடமும் பாட்டிமார்களிடமும் ஒரே உறுதியோடு வெளிப்படுகிறது. இந்தக் கேள்விக்குள் இருக்கும் பிழையைச் சற்று விரிவாகவே எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டு என்றால் ஓடுவது, ஊஞ்சலில் ஆடுவது, சறுக்கு மரத்தில் ஏறுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால் நடை வந்த பிறகே குழந்தைக்கு வெளி இடம் பயன்படும் என்று முடிவு செய்துவிடுகிறோம். உண்மையில் நடக்கும் குழந்தை தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போய்விடும். அறைக்குள் விட்டாலும் கதவருகே போய் நிற்கும், மேசைக்கு அடியில் நுழையும், எதையாவது இழுத்துப் போடும். நடக்காத குழந்தையால் அது முடியாது. நாம் கிடத்தும் இடம்தான் அதன் உலகம். அந்த இடம் நாள் முழுவதும் ஒரே வெள்ளைக் கூரையாகவும் ஒரே விளக்காகவும் இருந்தால், திரும்பிப் பார்க்கவோ எட்டிப் பிடிக்கவோ நகர்ந்து போகவோ அதற்குக் காரணமே இருப்பதில்லை. ஆகவே வெளியே கொண்டுபோக வேண்டியவர்களில் முதலிடம் நடக்க முடியாத குழந்தைக்குத்தான்.

ஆறு மாதக் குழந்தையை மரநிழலில் பாய் விரித்து மல்லாக்கக் கிடத்திப் பாருங்கள். அசையும் இலைகளையும் அவற்றின் இடையே வந்து போகும் வெளிச்சத்தையும் கண்கள் பின்தொடரும். பிறகு கை எழும். கையைத் தொடர்ந்து தோள் திரும்பும். சில நாட்களில் உடலே உருளும். குப்புறப் படுக்க வைத்தால், அணில் கத்தும் திசைக்கும் காகம் இறங்கும் இடத்துக்கும் தலையைத் தூக்கித் திரும்பும். நான் சிகிச்சை அறையில் கிலுகிலுப்பை ஆட்டிப் பெறப் பாடுபடும் அதே அசைவை முற்றம் கேட்காமலே கொடுத்துவிடுகிறது. எட்டு மாதத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, சற்றுத் தள்ளிக் கிடக்கும் உதிர்ந்த இலைக்காக முன்னால் சாய்ந்து, ஒரு கையை ஊன்றி, இடுப்பைத் திருப்புகிறது. உட்கார்ந்த நிலையிலிருந்து தவழும் நிலைக்கு மாறும் வழி இதுதான். பத்து மாதத்தில் திண்டின் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கிறது. புல்தரையும் மண்ணும் முழுச் சமமாக இருப்பதில்லை. அந்தச் சிறு மேடு பள்ளங்களுக்கு ஏற்ப எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிக்கொள்ளக் குழந்தையின் உடல் கற்றுக்கொள்கிறது. நம் அடுக்ககங்களில் போடப்பட்டிருக்கும் வழவழப்பான டைல்ஸ் தரையிலோ முழங்கால் வழுக்குகிறது. முழுக்கால் சட்டையும் காலுறையும் போட்டு அதில் விட்டால், தவழ முயலும் குழந்தை இரண்டு முறை முகம் குப்புற விழுந்த பிறகு முயற்சியையே விட்டுவிடுகிறது. என்னிடம் வரும் குழந்தைகளில் சிலருக்கு நான் சொல்லும் முதல் சிகிச்சை காலுறையைக் கழற்றுவதுதான்.

நம் முன்னோர்க்கு இது தெரியாததன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவத்தை வைத்தார்கள்: இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடும் குழந்தை. என் படிப்பில் குப்புறக் கிடக்கும் பயிற்சி என்று சொல்லித்தந்ததன் அப்பழுக்கற்ற வருணனை அது. உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இடம் பெயரத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும் நேரத்தில், நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது பலமுறையாகப் பிரித்துக் குப்புறக் கிடக்க வேண்டும் என்றும், தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. விழித்திருக்கும்போது என்ற சொல்லைக் கவனியுங்கள். உறங்கும் குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

"நடக்கட்டும், பிறகு விடலாம்" என்பவர்கள் எத்தனை மாதக் காத்திருப்பைச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 26 வார விடுப்பு முடிந்ததும், ஏறத்தாழ ஆறாம் மாதத்தில், குழந்தை காப்பகத்துக்கு வருகிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆய்வு செய்து உலக சுகாதார அமைப்பு 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, நலமான குழந்தை தனியாக நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருக்கிறது. அதாவது எந்தக் குறையும் இல்லாத ஒரு குழந்தை இந்த விதியால் பதினொரு மாதங்கள் நான்கு சுவர்களுக்குள் கழிக்க நேரிடலாம்.

அறைக்குள் வைத்திருப்பதற்கு ஈடாகப் பலர் வாக்கரைக் காட்டுகிறார்கள். நடுவில் துணி இருக்கை தொங்கும் அந்த வட்டச் சட்டத்தில் உட்காரும் குழந்தை தன் எடையைத் தானே தாங்குவதில்லை; கால்விரல் நுனியால் தரையை உந்துகிறது; தன் கால் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க முடிவதில்லை. அது நடையை விரைவுபடுத்தாது, தாமதப்படுத்தவே வாய்ப்புண்டு. படியில் உருண்டு தலையில் அடிபடுவதற்கும் காரணமாவதால் கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. குழந்தை தானே எழுந்து நின்று பிடித்துத் தள்ளும் நம் மர நடைவண்டி வேறு. அதற்கும் காலம் வர வேண்டும், ஆனால் அதில் குழந்தையின் எடை அதன் காலில்தான் இருக்கிறது. காப்பகத்தில் வாக்கர் இருந்தால் தயவுசெய்து அதை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

"காற்றுப் பட்டால் சளி பிடிக்கும்" என்ற அச்சத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். சளி வைரஸ் கிருமியால் வருகிறது. பத்துக் குழந்தைகளைச் சன்னல்களை மூடிய குளிர்சாதன அறைக்குள் வைத்தால் ஒன்றுக்கு வந்த கிருமி எல்லோருக்கும் போய்ச்சேரும்; காற்றோட்டமான முற்றத்தில் அந்த வாய்ப்பு குறைவு. மார்கழியிலும் சென்னையில் காலை வெயில் ஏறிய பிறகு குழந்தைக்குக் குரங்குக் குல்லாய் தேவையில்லை.

வெயில் குறித்து எதிர்த்திசையில் ஒரு தவறும் நடக்கிறது. வைட்டமின் டி கிடைக்கும் என்று சிலர் குழந்தையை நேர் வெயிலில் கிடத்துகிறார்கள், அது கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழல் மட்டுமே. அந்த வைட்டமினுக்கு முதல் ஆண்டு முழுவதும் நாள்தோறும் 400 அலகு சொட்டு மருந்தை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. முற்றத்துக்குப் போகும் குழந்தைக்கும் அதை நிறுத்த வேண்டாம். கைக்குழந்தையின் உடல் நம்முடையதைவிட விரைவாகச் சூடேறும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு முன்பும், வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசும் மாலை வேளையிலும் அழைத்துச் செல்லுங்கள். கத்திரி வெயில் நாட்களில் நேரத்தை இன்னும் சுருக்குங்கள். செயற்கைப் புல்லும் ரப்பர் விரிப்பும் மொட்டை மாடித் தளமும் நிழல் வந்த பிறகும் சூட்டை வைத்திருக்கும். உங்கள் உள்ளங்கையை அதில் சற்று நேரம் அழுத்திப் பார்த்துவிட்டே குழந்தையை இறக்க வேண்டும். ஆறு மாதம் முடியாத குழந்தைக்குக் கோடையிலும் தாய்ப்பால் போதும், தண்ணீர் வேண்டாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்குக் காய்ச்சி ஆறிய நீரை அவ்வப்போது சிறிது கொடுக்கலாம்.

இடத்தைத் தயார் செய்யாமல் குழந்தையை இறக்குவது, அறைக்குள் அடைப்பதைவிட மோசமானது. தவழும் குழந்தையின் கண் உயரத்துக்குக் குனிந்து, முற்றத்தை ஒருமுறை முழங்காலிட்டே சுற்றி வாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாதவை அப்போது தெரியும். கூழாங்கல், பட்டன், விதை என வாயில் போய் அடைக்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. அரளி நம் ஊர்த் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. அரளி, எருக்கு, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவை குழந்தைகள் இருக்கும் வளாகத்திலேயே வேண்டாம். கம்பளிப்பூச்சி இறங்கும் முருங்கை மரத்தடியில் பாய் விரிக்காதீர்கள். செவ்வெறும்பு ஊரும் இடமா என்பதையும் பாருங்கள். தெருநாய் நுழைய முடியாதபடி கதவு இருக்க வேண்டும். மணல் தொட்டியைப் பயன்படுத்தாத நேரத்தில் தார்ப்பாயால் மூடி வையுங்கள். நாயும் பூனையும் அசுத்தம் செய்த மணலிலிருந்து கொக்கிப்புழுவின் இளம்புழு தோல்வழியே நுழையும். தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கப்படும் மாத்திரை ஒரு வயது முடிந்தவர்களுக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம். சம்ப் எனப்படும் நிலத்தடி நீர்த்தொட்டியின் மூடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். பாதி நிரம்பிய பக்கெட் ஒன்றுகூட முற்றத்தில் இருக்கக் கூடாது. எழுந்து நிற்கக் கற்கும் குழந்தை தலைகீழாக விழுந்தால் சில அங்குல நீரே உயிரைப் பறிக்கும், சத்தமும் கேட்காது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் டெங்கு பரப்பும் கொசு பகலில்தான் கடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் நிற்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட வேண்டும். அந்த மாதங்களில் மெல்லிய பருத்தி முழுக்கை உடை போடலாம், கொசுவலைக் கூடாரத்துக்குள் பாய் விரிக்கலாம்; உள்ளங்கையும் பாதமும் திறந்திருந்தால் போதும். போகியன்று காலையிலும், தீபாவளிப் புகை அடங்காத மறுநாளிலும் உள்ளேயே இருக்கட்டும்.

ஓடும் பிள்ளைகளின் நடுவே கைக்குழந்தையைக் கிடத்தாதீர்கள். நீளத் திண்டுகளைப் போட்டு ஒரு மூலையைப் பிரித்துவிடுங்கள், அல்லது நேரத்தையே மாற்றி வையுங்கள். ஆயாம்மா கைப்பேசியோடு நாற்காலியில் அல்லாமல், கை எட்டும் தொலைவில் பாயிலேயே உட்கார வேண்டும். தள்ளுவண்டியில் வாரைப் பூட்டி முற்றத்தில் நிறுத்திவிட்டு, "வெளியே விட்டோம்" என்று பதிவேட்டில் எழுதுவதை ஏற்க முடியாது.

முதல்முறை புல்லில் இறக்கினால் பல குழந்தைகள் காலை மடக்கி மேலே தூக்கிக்கொண்டு அழும். பழகாத தொடுவுணர்வுக்கு அது இயல்பான பதில். உடனே வாரி எடுத்து, "இவளுக்குப் பிடிக்கவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பாயின் ஓரத்தில், உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கை தானாகப் புல்லைத் தொடும்வரை காத்திருங்கள். சில குழந்தைகளுக்கு ஒரு வாரமே ஆகும்.

தவழாமலே நடந்துவிடும் நலமான குழந்தைகளும் உண்டு. தவழவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். ஆனால் நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் பிடியின்றி உட்காரவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, உடல் விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, முன்பு செய்ததைச் செய்யாமல் போகிறது என்றால் முற்றமும் புல்லும் மருந்தாகா. குழந்தை நல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லலாம். பணத்தை எண்ணித் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வேலைக்குச் செல்லும் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். காப்பகத்தைப் பார்க்கப் போகும்போது கண்காணிப்புக் கேமராவையும் குளிர்சாதனத்தையும் பற்றிக் கேட்கிறீர்கள். நடக்காத குழந்தைகள் எத்தனை மணிக்கு வெளியே வருவார்கள், யார் உடன் உட்காருவார், எங்கே கிடத்துவார்கள் என்பதையும் கேளுங்கள், அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்ற அதே 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கவும் உரிமை தந்திருக்கிறது. அந்த நான்கில் ஒன்றை மாலை வெயில் தாழ்ந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டு, நீங்களே குழந்தையை முற்றத்துக்குத் தூக்கிச் சென்று பாயில் இறக்குங்கள். தாய் இறக்கிவிட்ட குழந்தையை அங்கேயே பார்த்துக்கொள்ள ஆயாம்மாவுக்கும் தயக்கம் குறையும்.